பெட்ரோல் கட்சி, கரண்ட் கட்சி

2008ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஜோசப்ராஜின் பியட் காருக்கு ஒரு பழக்கம் வந்தது. கடலூர் முதுநகரில் வீட்டைவிட்டுக் கிளம்பி, செம்மங்குப்பத்து ரசாயன நாற்றத்தைத் தாண்டி, ஆலப்பாக்கம் ரயில்வே கேட் வரைக்கும் ஒழுங்காக வரும். அங்கே இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். இருபது நிமிஷம் சும்மா விட்டால் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். அந்த இருபது நிமிஷத்தில் அவருடைய மகள் மேரி ஷாலினிக்குக் கல்லூரியில் முதல் பீரியடு போய்விடும்.

ஜோசப்ராஜ் சிதம்பரத்தில் ஒரு மொத்த மருந்துக் கடையில் ஸ்டோர் கீப்பர். கார் வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவர் இல்லை. ஷாலினிக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் மெலிந்துவிட்டது. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். பஸ் படி அவளுக்குத் தோள் உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். சிதம்பரத்தில் பி.காம். இடம் கிடைத்தது. விடுதியில் விடலாம் என்று பார்த்தால் குளிக்கிற இடம் மாடியில். அதனால்தான் எண்பத்து நாலாம் வருஷத்து பியட் ஒன்றை வாங்கினார். தினமும் அப்பாவும் மகளும் நாற்பது கிலோமீட்டர் போய், நாற்பது கிலோமீட்டர் வருவார்கள். முதல் வருஷம் அப்படியே நல்லபடியாகப் போனது.

ஆலப்பாக்கம் கேட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஆண்டி, கார் நின்ற மூன்றாவது நாள் தானாகவே எழுந்து வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்டன்சர் சார். சூடாச்சின்னா வேல செய்ய மாட்டேங்குது, ஆறுனா செய்யுது. கட்ட வெரலு சைசு கரண்ட்டு சாமான். எங்கிட்ட இருக்கறது டூப்ளிகேட்டு, ஒரு மாசம் தாங்காது. ஒரிஜினல் எங்கனா கெடச்சா கொண்டாங்க, டீ குடிக்கிற நேரத்துல மாட்டிக் குடுத்துடறேன்."

கடலூரில் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பியட் என்ற பேரைக் கேட்டதும் சிரித்தார்கள். அந்தக் காரைச் செய்வதையே நிறுத்தியாகிவிட்டது. ஒரு கடைக்காரர் மட்டும், "பேரவையில கேட்டுப் பாருங்க சார், அவுங்ககிட்ட எல்லாம் இருக்கும்" என்று ஒரு விலாசம் கொடுத்தார்.

கடலூர் சிதம்பரம் வட்டார மூத்த மோட்டார் வாகன ஆர்வலர் பேரவை மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கத்து ஷெட்டில் இயங்கியது. வீடு தலைவர் ராமாமிர்தத்துடையது. பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் அந்தத் தகவல் அவரிடம் இன்னும் போய்ச் சேரவில்லை. மேசையில் மணி வைத்திருந்தார். யாரும் வராதபோதும் அதை ஒரு தரம் அடிப்பார்.

ஜோசப்ராஜ் ஒரு கண்டன்சர் வேண்டும் என்று சொன்னார்.

"இருக்கு. மூணு இருக்கு," என்றார் ராமாமிர்தம். "ஆனா அத வெளியாளுக்குக் குடுக்க விதியில எடமில்ல. மொதல்ல நீங்க உறுப்பினராவணும். அப்பறம் கோளாறு மனு குடுக்கணும், மூணு பிரதி. மாசக் கடைசி ஞாயித்துக்கெழம கூட்டத்துல வெச்சி முடிவு பண்ணுவோம்."

கோளாறு மனு நான்கு பக்கம் இருந்தது. வண்டியின் பூர்வீகம், முந்தைய உரிமையாளர்களின் நடத்தை, வண்டி நின்றபோது உறுப்பினரின் மனநிலை என்றெல்லாம் கட்டங்கள். மனநிலைக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஜோசப்ராஜ் 'சுமார்' என்று எழுதினார்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு ஷாலினியும் அவரும் போனார்கள். ஷெட்டுக்கு வெளியே இருபது பேருடைய டி.வி.எஸ். ஐம்பதுகளும் சைக்கிள்களும் வரிசையாக நின்றன. தலைவரின் ஹெரால்டு கார் 1996இல் கடைசியாக ஓடியது. பொதுச்செயலாளர் சுப்பராயலு சிதம்பரத்துக்காரர், அவருடைய அம்பாசிடர் பேரணிகளுக்கு டிராக்டர் டிப்பரில் ஏறி வரும். மற்றவர்களுடைய கார்கள் அவரவர் வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. ஆக, பேரவையில் ஓடுகிற கார் ஒன்றுதான். அது ஜோசப்ராஜுடையது. அதுவும் ஆலப்பாக்கம் வரைக்கும்.

கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. விளக்கேற்றினார்கள். மேல்பட்டாம்பாக்கத்து உறுப்பினர் ஒருவரின் ஸ்டாண்டர்டு டென் காரை அவருடைய பிள்ளைகள் காயலான் கடைக்குப் போட்டுவிட்டதற்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். ஒருவர் அழுதார். பதினொன்றரைக்கு ஜோசப்ராஜின் மனு எடுக்கப்பட்டது.

ராமாமிர்தம் எழுந்தார்.

"உறுப்பினர் அவர்களின் வாகனம் ஓடி ஓடி நிற்கிறது. நின்று நின்று ஓடுகிறது. இது சாதாரண நிகழ்வு அல்ல. என் முப்பத்தாறு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், இது பெட்ரோல். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்கிறது."

"கரண்ட்டு," என்றார் சுப்பராயலு, உட்கார்ந்தபடியே.

பேரவை இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. பெட்ரோல் கட்சியில் பெரும்பாலும் கடலூர்க்காரர்கள், கரண்ட் கட்சியில் சிதம்பரத்துக்காரர்கள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். இதற்கிடையில் வாசலில் நின்ற காரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஷாலினி கை தூக்கினாள்.

"அங்கிள், கண்டன்சர ஒண்ணு மாத்திப் பாத்துடலாமே. ஓடிச்சின்னா சரி. ஓடலன்னா அப்பறம் பெட்ரோல பாக்கலாம்."

ராமாமிர்தம் அவளைப் பரிவோடு பார்த்தார்.

"கொழந்த நல்ல கேள்விதான் கேட்டிருக்கு. ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு பாப்பா. மாத்திட்டோம், வண்டி ஓடிடுச்சின்னு வெச்சிக்கோ. கோளாறு போயிடும். கோளாறே போயிட்டா அத எப்பிடி ஆராயறது? நாளைக்கி இன்னொரு உறுப்பினருக்கு இதே கோளாறு வந்தா பேரவை இன்னா பதில் சொல்லும்? ஓட்டறதுக்குத்தான் வண்டின்னா ஊர்ல டிரைவர் போதுமே, பேரவை எதுக்கு?"

கை தட்டினார்கள். கரண்ட் கட்சியும் தட்டியது. ஷாலினி உறுப்பினர் இல்லை என்பதால் அவள் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை. ஆனால் தலைவரின் பதில் ஏறியது.

வாக்கெடுப்பு நடந்தது. கோளாறு பெட்ரோல்தான் என்று பதினொன்றுக்கு ஒன்பது வாக்கில் முடிவானது. ஜோசப்ராஜ் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. ஆராய்ச்சி முடியும்வரை வாகனம் பேரவையின் பொறுப்பில் இருக்கும் என்று அடுத்த தீர்மானம். எத்தனை நாள் ஆகும் என்று அவர் கேட்டார்.

"ஆராய்ச்சிக்கு நாள் சொல்ல முடியாது," என்றார் ராமாமிர்தம். "நீங்க இனிமே வெறும் கார்க்காரர் இல்ல மிஸ்டர் ஜோசப்ராஜ். ஆர்வலர்."

ஜோசப்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷமாக மருந்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவரை இதுவரை யாரும் இப்படி ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார். கார் தானாக ஓடி ஷெட்டுக்குள் போனது. அதற்குப் பிறகு அது தானாக எங்கேயும் போகவில்லை.

வண்டியைப் பிரிப்பதற்கு முன் திருவந்திபுரம் கோயிலில் பூஜை போட வேண்டும் என்பது பேரவையின் வழக்கம். கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். எஞ்சினைப் போட்டால் தடயம் கலைந்துவிடும் என்று தலைவர் சொல்லியிருந்தார். அங்கே மாலை போட்ட புது வண்டிகள் வரிசையில் நிற்க, அர்ச்சகர் பியட்டைப் பார்த்து, "புது வண்டியா?" என்று கேட்டார். "பிரிக்கப் போற வண்டி," என்றார் சுப்பராயலு. அர்ச்சகர் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்தார். உறுப்பினர் கிறிஸ்தவர் என்பதால் பங்குச் சாமியாரையும் அழைத்துத் தீர்த்தம் தெளித்துவிடலாம் என்று ஒரு திருத்தம் வந்தது. அதற்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு இன்னும் அறிக்கை தரவில்லை.

ஆகஸ்டில் பெட்ரோல் டேங்க், பம்ப், கார்புரேட்டர் மூன்றையும் கழற்றினார்கள். ஒன்றிலும் கோளாறு இல்லை. ராமாமிர்தம் அதைப் பெரிய வெற்றியாக அறிவித்தார். இவ்வளவு சுத்தமான கார்புரேட்டரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். செப்டம்பரில் சிறுபான்மைக் கருத்துக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டுமென்று கரண்ட் கட்சி போராடி, டிஸ்டிரிபியூட்டர், காயில், டைனமோ எல்லாவற்றையும் கழற்றிச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனது. கண்டன்சர் டிஸ்டிரிபியூட்டரோடு ஒட்டிக்கொண்டு போனது. அதை யாரும் தனியாகப் பார்க்கவில்லை, பார்க்கத் தீர்மானத்தில் இடமில்லை. அக்டோபரில் இரு தரப்புக்கும் பொதுவாக எஞ்சினைக் கீழே இறக்கினார்கள்.

அந்த மாதங்களில் அப்பாவும் மகளும் பஸ்ஸில் போனார்கள். ஏழரை மணி பஸ்ஸில் ஜோசப்ராஜ் முதலில் ஏறித் திரும்பி நின்று, அவள் கையைப் பிடித்து மேலே இழுப்பார். காலிப்பர் பூட்டு படியில் இடித்து ஒவ்வொரு நாளும் டங்கென்று ஒரு சத்தம் வரும். வண்டியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஷாலினி யாரையும் பார்க்காமல் உள்ளே நடப்பாள். படி வரைக்கும் கூட்டம் தொங்குகிற நாட்களில் ஏற முடியாமல் வீட்டுக்கே திரும்பிவிடுவாள்.

"நீ போயி கேளுப்பா," என்பாள். "வண்டிய அப்பிடியே பூட்டிக் குடுத்துடுங்கன்னு கேளு. ஆண்டி அண்ணன் பாத்துக்குவாரு."

"கேக்கறேம்மா. பெரிய மனுசங்க. நாமளே போயி சேந்துட்டு..."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போவார். கேட்பதற்குள் அவரை முன் வரிசையில் உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். புதிதாக வந்தவர்களிடம், "ஆராய்ச்சி வண்டிக்காரர் இவருதான்" என்று அறிமுகம் செய்வார்கள். டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். அவருடைய மனைவி சவரிமேரி ஒரு நாள் கேட்டாள்.

"இன்னாங்க, பூசை பாக்கறத கூட உட்டுட்டு அங்க போறீங்களே, அவுங்க குடுக்கற டீ அம்மாம் நல்லாவா இருக்கு?"

நவம்பர் முதல் வாரம் நல்ல மழை. முதுநகர் நிறுத்தத்தில் ஜோசப்ராஜ் ஏறிவிட்டார், ஷாலினி ஒரு காலை வைத்தாள். விசில் அடித்துவிட்டார்கள். அவள் கை நழுவி, சேற்றில் பக்கவாட்டில் விழுந்தாள். காலிப்பரின் முட்டிப் பூட்டு உடைந்தது, வலது மணிக்கட்டில் எலும்பு விட்டுப்போனது. காலிப்பரைச் சரிசெய்யப் புதுச்சேரிக்கு அனுப்பி வாங்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அவள் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேரவை அவசரக் கூட்டம் போட்டது. தீர்மானத்தின் நகல் தபாலில் வந்தது. சவரிமேரி வாங்கிப் பிரித்து, புரியாமல் மகளிடம் கொடுத்தாள். ஷாலினி சத்தமாகப் படித்தாள்.

"மதிப்பிற்குரிய உறுப்பினர் ஜோசப்ராஜ் அவர்களின் புதல்வி பேருந்திலிருந்து விழுந்த செய்தி, நம் நாட்டில் பழைய கார்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை மீண்டும் ஒருமுறை மெய்ப்பிக்கிறது என்று இப்பேரவை பெருமிதத்துடன் பதிவு செய்கிறது."

படித்து முடித்து, "பெருமிதத்துடன்," என்று இன்னொரு தரம் சொன்னாள்.

அன்றைக்கு ஜோசப்ராஜ் நிஜமாகவே கோபத்தோடு மஞ்சக்குப்பம் போனார். என் வண்டியைக் கொடுங்கள் என்று கேட்டார். ராமாமிர்தம் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். ஜனவரியில் சிதம்பரத்தில் ஆண்டு விழா, அதில் வண்டியைக் காட்சிக்கு வைத்துவிட்டு மறுநாளே பூட்டித் தருகிறோம் என்றார். வாக்குக் கொடுத்தாயிற்று, நோட்டீஸ் அடித்தாயிற்று. ஜோசப்ராஜ் நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். அதில் அவர் பெயரும் இருந்தது. ஜனவரிதானே என்று திரும்பி வந்தார்.

ஆண்டு விழாவுக்கு எஞ்சின் இல்லாத கூட்டைத்தான் லாரியில் ஏற்றிச் சிதம்பரம் கொண்டுபோனார்கள். எஞ்சினும் பெட்ரோல் சாமான்களும் மஞ்சக்குப்பத்து ஷெட்டிலேயே இருந்தன. மண்டபத்து வாசலில், 'கோளாறு: ஓர் அறிமுகம்' என்ற பலகைக்கு அடியில் பியட் நின்றது. உள்ளே புதிய நிர்வாகிகள் தேர்தல். தலைவர் பதவிக்கு ராமாமிர்தத்தை எதிர்த்து சுப்பராயலு நின்றார். இருவருக்கும் பத்துப் பத்து வாக்கு. சமமானால் தலைவர் வாக்கே தீர்மானிக்கும் என்றார் ராமாமிர்தம். யார் தலைவர் என்பதே அங்கே வழக்கு என்றார் சுப்பராயலு. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்தது.

"பெட்ரோலை நம்பியவர்கள் இந்தப் பேரவையைப் பதினோரு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்," என்று சுப்பராயலு மைக்கில் முழங்கினார். "எங்கள் தலைமையில் இது வேறு இடத்தில் நிற்கும்."

சாயங்காலத்துக்குள் பேரவை இரண்டானது. கூடு இருந்த இடம் சிதம்பரம் என்பதால் கூடு கரண்ட் கட்சியிடம் தங்கியது. எஞ்சின் கடலூரில் பெட்ரோல் கட்சியிடம் தங்கியது. ஒரு வாரத்தில் இரண்டு பேரும் மற்றவரிடம் இருப்பதைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். முடிவு தெரியும்வரை உள்ளதை உள்ளபடியே வைத்திருக்க உத்தரவானது.

ஜோசப்ராஜ் இரண்டு பேரிடமும் போனார்.

"உங்க வண்டிதான். யாரு இல்லேன்னாங்க?" என்றார் ராமாமிர்தம். "உங்களுக்காகத்தான இந்தக் கேசே."

"உங்க வண்டிதான் சார்," என்றார் சுப்பராயலு. "ஆனா எங்க பேரவையில நீங்க உறுப்பினர் இல்லியே. புதுசா மனு ஒண்ணு குடுங்க. மூணு பிரதி."

மார்ச் மாதம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் வருகைப் பதிவு குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். ஷாலினி பெயர் நாலாவது. எழுபத்தைந்து சதவீதம் வேண்டும், அவளுக்கு ஐம்பத்தெட்டு. மருத்துவச் சான்றிதழுக்குத் தள்ளுபடி போட்ட பிறகும் எட்டவில்லை. பரீட்சை எழுத முடியாது, இரண்டாம் வருஷத்தை மறுபடி படிக்க வேண்டும். அவளோடு சேர்ந்தவர்கள் மூன்றாம் வருஷம் போனார்கள். அவள் அழுததை ஜோசப்ராஜ் பார்க்கவில்லை. அழாததைத்தான் பார்த்தார், அது அவருக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்டில் கடலூர்ப் பேரவையிலிருந்து தடித்த அட்டையில் அழைப்பிதழ் வந்தது. சிதம்பரத்தை முந்திக்கொள்வதற்காக முன்கூட்டியே நடத்தும் பன்னிரண்டாம் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஜோசப்ராஜுக்கு 'பொறுமைச் செம்மல்' விருது. ஏற்புரைக்கு இரண்டு நிமிஷம்.

"போப்பா," என்றாள் ஷாலினி. "மைக்க குடுக்கறாங்க இல்ல, அங்க கேளு. எல்லார் முன்னாடியும் கேட்டா குடுத்துத்தான ஆவணும்."

ஒரு தாளில் மூன்று வரி எழுதியும் கொடுத்தாள். என் வண்டியை எடுத்து ஒரு வருஷம் ஆகிறது. என் மகள் ஒரு வருஷத்தை இழந்தாள். இங்கே இருக்கிற எஞ்சினை இன்றைக்கே என்னிடம் கொடுத்துவிடுங்கள். ஜோசப்ராஜ் அதைக் கண்ணாடி முன்னால் நின்று ஐந்தாறு தரம் சொல்லிப் பார்த்தார். சவரிமேரி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். நாகஸ்வரம் வாசித்தார்கள். ராமாமிர்தம் பேசினார்.

"இந்த மனிதரைப் பாருங்கள். ஓடிய வண்டியைக் கொடுத்தார். திருப்பிக் கேட்டாரா? கேட்டார். கொடுத்தோமா? கொடுக்கவில்லை. ஆனாலும் இன்று வந்திருக்கிறார். இப்படி ஒரு உறுப்பினர் இருக்கும்வரை இந்தப் பேரவையை எவனாலும் அசைக்க முடியாது."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள், புகைப்படம் எடுத்தார்கள். யாரோ மைக்கை அவர் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தார்கள். ஜோசப்ராஜ் சட்டைப் பையில் கை விட்டார். தாள் இருந்தது. எதிரே நூறு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன, அத்தனையிலும் சிரிப்பு. இவ்வளவு பேர் ஒரே சமயத்தில் தன்னைப் பிடித்துப்போய்ப் பார்ப்பது அவருக்கு இதுவே முதல் தடவை. கடைசித் தடவையும் இதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அனைவருக்கும் வணக்கம்," என்றார். தன் குரல் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. கேட்க நன்றாகவும் இருந்தது. கையை வெறுமையாக வெளியே எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஷாலினி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னியாப்பா?"

"சொன்னேம்மா."

"இன்னா சொன்னாங்க?"

"பாக்கறேன்னாங்க."

அவள் தலையை ஆட்டினாள். அவர் உள்ளே போய், பொன்னாடையை யார் கண்ணிலும் படாதபடி பீரோவுக்கு மேலே போட்டார்.

மறுநாள் காலையில் பேப்பர் வந்தது. மாவட்டச் செய்திகள் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்குப் படம், பொன்னாடையோடு ஜோசப்ராஜ். ஷாலினி காலிப்பரை மாட்டிக்கொண்டே அதை மடியில் விரித்து வைத்து, பத்தாம் வகுப்பில் பாடம் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"விருதை ஏற்றுக்கொண்ட ஜோசப்ராஜ் பேசுகையில், எனக்கு வண்டி பெரிதல்ல, பேரவைதான் பெரிது. என் வீட்டில் யாருக்கும் இதில் எந்த வருத்தமும் இல்லை. எஞ்சின் எத்தனை ஆண்டு இங்கே இருந்தாலும் அது எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பெருமை என்று கூறிக் கண்கலங்கினார்."

சவரிமேரி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஜோசப்ராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் போட்டு, கழற்றி, மறுபடியும் அதே ஓட்டையில் போட்டார்.

ஷாலினி பேப்பரை நாலாக மடித்து ஸ்டூல் மேல் வைத்தாள். முட்டிப் பூட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"நாளையிலேர்ந்து நான் அம்மாகூட போறேன்," என்றாள். "இன்னிக்கி மட்டும் நீ வந்து ஏத்தி உடு."